மஞ்சுநாட்டில் நாற்று நட்டவள்

மஞ்சுநாடு திரும்பி வருகிறது என்ற செய்தியைப் போனில் பார்த்த நேரத்தில் என் கையில் ஒரு அட்டை காய்ச்சல் மாத்திரை இருந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியவர் கையை நீட்டியபடியே இருக்கிறார். நான் மாத்திரையைக் கொடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மானாம்பதி பஸ் கிளம்பப் போகிறது என்று அவர் சத்தம் போட்ட பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த மருந்துக்கடையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். வந்தவர்களைக் காக்க வைத்தது அதுதான் முதல் தடவை. என்னைக் காக்க வைத்தவர்களிடம் நான் எப்படிப் பேசுவேன் என்பதை எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள்.

மஞ்சுநாடு என்பது நான் பத்து வயதில் படித்த ஒரு கதைத் தொடர். ஆறு மெல்லிய புத்தகங்கள். மேகத்தின் மேல் ஒரு நாடு, அதில் ஏழு வாசல் வைத்த ஒரு கோட்டை, கோட்டைக்குள் நிழல் இல்லாத ஒரு இளவரசி. அவளுடைய நிழலைக் கண்ணாடிக்குள் குடியிருக்கும் ஒரு மந்திரவாதி திருடி வைத்திருக்கிறான். அதைத் தேடி அவள் ஒரு கிழட்டு ஆமையின் முதுகில் ஏறிப் போகிறாள். அந்த ஆமைக்கு எல்லா வழியும் தெரியும், ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாது. ஆறாவது புத்தகத்தின் கடைசியில் இளவரசிக்கு நிழல் கிடைத்துவிடுகிறது. நிழல் உள்ளவர்கள் மேகத்தில் நிற்க முடியாது என்பதால் அவள் தரைக்கு வந்துவிடுகிறாள். ஏழு வாசலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொள்ள, மஞ்சுநாடு நகர்ந்து போய்விடுகிறது. அத்துடன் சரி. முப்பத்தைந்து வருஷமாக அதற்கு மேல் ஒரு வரி கிடையாது.

எங்கள் ஊர் மானாம்பதியைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ஒரு சின்ன கிராமம். அங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. கிழிந்த மேப்பு, சாக்பீஸ் தூள், கைப்பிடி ஒடிந்த மணி எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஆறு புத்தகங்கள் கிடந்தன. டீச்சர் ஒவ்வொன்றாக எனக்குக் கொடுத்தார். முடித்துவிட்டுத் திருப்பித் தந்தால்தான் அடுத்தது. அந்த வருஷம் முழுக்க நான் எங்கள் ஊரில் இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது அதே எழுத்தாளர், நன்றாக வயதாகிவிட்ட பிறகு, தொடர்ச்சி எழுதியிருக்கிறாராம். நாலு பாகம், ஒரே கட்டாக வந்திருக்கிறது. அன்றைக்கே போனில் ஆர்டர் போட்டேன். ஒரு வாரத்தில் பார்சல் கடைக்கு வந்தது. கடைக்காரத் தம்பி, அக்காவுக்கு எதற்கு ஆமை படம் போட்ட புத்தகம் என்று கேட்டான். நாத்தனார் பேரனுக்கு என்று கூசாமல் சொன்னேன். என் நாத்தனாருக்கு இருப்பதெல்லாம் பேத்திகள்தான். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் முதல் பாகத்தைப் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஆமை வந்தது, அதே திமிரோடு. இளவரசி வழி கேட்கிறாள், அது வேறு எதையோ பேசுகிறது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாற்பத்தைந்து வயதில் ஒருத்திக்கு இப்படி ஒரு வாசல் மறுபடியும் திறக்கிறது என்றால் அழத்தான் வரும்.

ஆனால் சாயந்திரம் வீட்டுக்குக் கிளம்பும்போது நாலு புத்தகத்தையும் டானிக் வந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டு, மேலே பழைய காலண்டர்களை அடுக்கி மூடி எடுத்துப் போனேன். அம்மா பார்த்துவிடக் கூடாது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த ஆமையைத் தெரியும்.

ஏன் ஒளித்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு நான் செய்த திருட்டுத்தனத்தையும் சொல்ல வேண்டும்.

அம்மா நடவுக்குப் போனவள். விடியும் முன்னே கிளம்பினால், முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்த காலோடு பொழுது சாயத்தான் திரும்புவாள். வந்ததும் அடுப்பு பற்ற வைப்பாள். அவள் உலை வைத்து இறக்குகிற வரைக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். வாய்விட்டுப் படிக்காத படிப்பு படிப்பே இல்லை என்பது அவள் கட்சி. சத்தம் நின்றால் கரண்டி வரும். நானும் மஞ்சுநாட்டை வரலாற்றுப் பாடம் மாதிரி ராகம் போட்டு வாசித்து ஒருநாள் ஓட்டினேன். இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டேன். எந்த ராஜா காலத்திலும் ஆமை பேசியிருக்காது என்கிற அளவுக்கு அம்மாவுக்கு வரலாறு தெரிந்திருந்தது. திட்டுவாள் என்று பார்த்தால், மேலே படி என்றாள்.

நாலைந்து நாள் நன்றாகப் போனது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு ஒருநாள் ஒரு சந்தேகம் வந்தது அவளுக்கு.

"அவ்ளோ பெரிய கோட்டைல சோறு யாரு ஆக்கறது?"

புத்தகத்தில் அது போடவில்லை என்றேன். நெல் எங்கிருந்து வருகிறது என்றாள். அதையும் போடவில்லை.

"அப்போ இன்னா, காத்தயா துன்றாங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் நான் படித்ததை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். நான் எவ்வளவு குரல் ஏற்றி இறக்கிப் படித்தாலும் அவள் பாட்டுக்கு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் கழனியில் நிற்கிறவள் எனக்கென்று கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். மூன்றாம் நாள், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, அதில் இல்லாததைப் படித்தேன். ஏழாம் வாசலுக்கு வெளியே ஒரு கழனி இருந்தது, அதில் ஒருத்தி தனியாக நாற்று நட்டுக்கொண்டிருந்தாள் என்று படித்தேன்.

அரிசி களைந்த அம்மாவின் கை நின்றது. "தனியாவா?" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குப் பிழைப்பே அதுவாகிவிட்டது. அந்தக் கழனிக்காரி நிழலோடேயே மேகத்தில் நின்று நாற்று நடுவாள், வேர் பிடிக்கும். அவள் நட்டு அறுத்த நெல்லில்தான் கோட்டையே சாப்பிடுகிறது. பசியோடு வந்த இளவரசிக்குக் கூழ் ஊற்றினாள். மந்திரவாதி அவள் நிழலைத் திருட வந்தபோது, எனக்கு நிழலில் நிற்கவே நேரமில்லை, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லி விரட்டினாள். ஆமை கேள்விக்குப் பதில் சொல்லாது என்றேன் அல்லவா, இவள் கேட்டால் மட்டும் சொல்லும். அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் நான் மறுநாள் பக்கத்தில் விடை கண்டுபிடித்தேன். அந்தக் கழனிக்காரிக்குக் கோட்டைக்காரி என்று பட்டம் வைத்ததும் அம்மாதான்.

ஒரு சனிக்கிழமை நடவுக்காரர்களுக்கு மோர் எடுத்துக்கொண்டு போனேன். வரப்பு ஏறும்போதே அம்மா குரல் கேட்டது. பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நடுகிறார்கள். அம்மா நடுவில் நின்று நாற்றைப் பிரித்துப் பிரித்து ஊன்றிக்கொண்டே கோட்டைக்காரியின் கதையைச் சொல்கிறாள், நான் முதல் நாள் சொன்னதற்கு மேலேயே கொஞ்சம் சேர்த்து. அவளுக்குக் கண்ணுக்குக் கீழே மச்சம் என்றாள் ஒருத்தி. மூக்கில்தான் மச்சம் என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். அவளுடைய புருஷன் என்ன பண்ணுகிறான் என்று கடைசியில் நின்றவள் கேட்க, அவன் குடித்துவிட்டு மூன்றாம் வாசலில் விழுந்து கிடக்கிறான் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அவர்கள் யாரும் இளவரசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயந்திரம் அம்மா சந்தேகங்களோடு வந்தாள். கேட்டுக்கொண்டு வரச் சொன்னார்களாம்.

இப்படியே ஆறாம் புத்தகம் முடிகிற நாள் வந்தது. இளவரசி தரைக்கு இறங்குகிறாள், வாசல்கள் சாத்திக்கொள்கின்றன. அம்மா அடுப்பை மறந்துவிட்டுக் கேட்கிறாள். கோட்டைக்காரியை நான் என்ன செய்ய வேண்டும்? ஏழாம் வாசல் சாத்திக்கொள்ளப் போகிற நேரத்தில் இளவரசி அவளைக் கூப்பிட்டாள் என்று படித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாற்று மீதி இருக்கிறது, நட்டுவிட்டு வருகிறேன் என்றாள். கதவு சாத்திக்கொண்டது. நான் புத்தகத்தை மூடினேன்.

"அவளை அங்கயே வுட்டுட்டாங்களா?" என்றாள் அம்மா. நான் ஆமாம் என்றேன்.

மறுநாள் கழனியில் அந்த எழுத்தாளருக்கு விழுந்த திட்டை அவர் ஜென்மத்தில் வாங்கியிருக்க மாட்டார். அவர் சோற்றில் மண் விழ என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாளாம். அந்த மனிதர் ஒரு பாவமும் அறியாதவர். அம்மா மட்டும் திட்டவில்லை. நாலைந்து நாள் சோறு போடும்போதெல்லாம் அவள் முகம் சரியில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அடுத்த பாகம் வரும், அதில் அவள் வந்துவிடுவாள் என்று சொன்னேன். அம்மா நம்பினாள். அதற்குப் பிறகு என் கையில் எந்தப் புதுப் புத்தகத்தைப் பார்த்தாலும், மறுபாகமா என்று கேட்பாள். நான் பத்தாவது எழுதுகிற வரைக்கும் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இதோ, மறுபாகம் வந்துவிட்டது. அட்டைப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஒளித்து வைக்க எனக்குச் சாமர்த்தியம் போதாது. பத்து நாள் கழித்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், நாலு புத்தகமும் கட்டில் மேல் வரிசையாக இருக்கின்றன. பழைய காலண்டரில் சாமி படம் நன்றாக இருந்தால் வெட்டி ஒட்டலாம் என்று பெட்டியைத் திறந்தாளாம். முழங்கால் வலியில் தரையில் உட்காரவே முடியாதவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து இழுத்திருக்கிறாள்.

"ஆமைக்கு வயசாயிடுச்சி," என்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "அவ இன்னா ஆனா?"

யார் என்று நானும் கேட்கவில்லை. இன்னும் படிக்கவில்லை, படித்துச் சொல்கிறேன் என்றேன். அதுவும் பொய். கடையில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் நாலு பாகத்தையும் முடித்திருந்தேன்.

அந்தப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு எவ்வளவோ இருக்கிறது. இளவரசிக்கு இப்போது நரை வந்துவிட்டது. முழங்காலும் வலிக்கிறது. கஷ்டப்பட்டு வாங்கிய நிழல் தனியாகப் பிரிந்து போய்விட, அதைத் தேடி மறுபடியும் மேகத்துக்குப் போகிறாள். ஆமையும் அவளும் முதன்முதலாகத் திரும்பச் சந்திக்கிற இடத்தில் இரண்டு பேருமே ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் நான் ஐந்து தடவை படித்திருப்பேன். மந்திரவாதி கடைசியில் நல்லவனாகிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டவன் கெட்டவனாகவே இருந்தால் என்ன? ஆனால் போன வழியெல்லாம் எனக்குத் தெரிந்த வழி. இரண்டாம் வாசலில் ஒரு படி உடைந்திருக்கும் என்று நான் நினைத்தபோதே அடுத்த வரியில் படி உடைந்திருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

சோறு மட்டும் இல்லை. நாலு பாகத்திலும் சேர்த்து மூன்று பெரிய விருந்து வருகிறது. இலை தானாக வந்து விழுகிறது, சோறு தானாக நிறைகிறது. ஒருத்தர் உலை வைக்கவில்லை. ஒருத்தர் கையில் மண் இல்லை. எனக்கு அந்தப் பெரியவர் மேல் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார், கோட்டைக்காரியை அவருக்குத் தெரியாதே என்று மனசு சொன்னாலும் கோபம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். வேறு வழி இல்லை. முதல் பாகம் முடிந்தது. அவள் வரவில்லையா என்றாள். வருவாள் என்றேன். இரண்டாம் பாகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்க மழை. இவ்வளவு மழை பெய்கிறது, கழனியைக் காட்ட மாட்டேன் என்கிறானே என்று அலுத்துக்கொண்டாள். ஒரு இடத்தில் நானே இரண்டு வரி சேர்த்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை. பத்து வயதில் தண்ணீர் மாதிரி வந்தது. இப்போது டாக்டர்களின் கையெழுத்தோடு மல்லுக்கட்டுகிற நாக்கு இது. அதில் ஒரு எழுத்தை நானாக ஊகித்து மருந்து கொடுத்தால் ஆள் போய்விடுவான். எழுதியிருப்பதை மட்டும் படிக்க வேண்டும் என்று பதினெட்டு வருஷமாகப் பழகிவிட்டது.

உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவள் அம்மா. புத்தகம் என்றால் அது யாருக்கோ உரியது. அந்தப் புத்தகத்துக்குள் தன்னைப் போலச் சேற்றில் நிற்கிற ஒருத்தி இருக்கிறாள், அவளை யாரோ ஒரு பெரிய மனுஷன் அச்சுப் போட்டு எழுதியிருக்கிறான் என்று இத்தனை வருஷம் நம்பியிருக்கிறாள். அப்படி யாரும் இல்லை, உன்னைச் சமாளிக்க நான் சொன்ன பொய் அது என்று சொன்னால், நான் வெளியே தள்ளுவது கோட்டைக்காரியை மட்டும் இல்லை. எனக்குத் தூக்கம் கெட்டது.

நாலாம் பாகத்தின் கடைசி அத்தியாயம் மீதி இருந்தபோது அம்மா ஒரு வேலை செய்தாள். பழைய நடவுக் கூட்டத்தில் இப்போது மூன்று பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள். அம்மா ஒருத்தி. இன்னொருத்தி எங்கள் கிராமத்திலேயே இருக்கிறாள். மூன்றாவது ஆள் பெருநகர் என்ற ஊரில் மகள் வீட்டில். இரண்டு பேருக்கும் போன் போட்டு, கடைசி புக்கு, வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரியும். வாசலில் இரண்டு பேரும் வேர்க்கடலைப் பையோடு வந்து நின்றார்கள். பொய் சொன்னது ஒருத்தியிடம் இல்லை, பன்னிரண்டு பேரிடம் என்பது அப்போதுதான் உறைத்தது.

சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அம்மா நாற்காலியில், ஊர்க்காரப் பெரியம்மா கட்டிலில். பெருநகர் பெரியம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் என் முகத்துக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். மந்திரவாதி ரகசியமாகப் பேசுகிற இடத்தைக்கூட நான் கத்திப் படிக்க வேண்டியிருந்தது. எதிர்வீட்டுப் பையன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

இளவரசி வாசல்களைத் திறந்துகொண்டே போகிறாள். ஐந்தாம் வாசல். ஆறாம் வாசல். மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஏழாம் வாசலின் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். கடலை உரித்த கைகளும் நின்றன. அடுத்த வரி எனக்குத் தெரியும். "வெளியே ஒன்றுமே இல்லை, வெறும் வானம்" என்று அச்சில் இருக்கிறது.

என்னால் அதைப் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்தேன்.

"அவ இதுல இல்லம்மா," என்றேன். "பழசுலயும் இல்ல. நான்தான் சொன்னேன்."

இன்னா சொல்றா என்று பெருநகர் பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை இரண்டாவது தடவை, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டியதாயிற்று. அதைவிடக் கஷ்டமான வேலை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை. ஊர்க்காரப் பெரியம்மா சிரிக்க ஆரம்பித்து, அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அம்மா தன் கைகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுவாளோ என்றும் பயந்தேன். அவள் நிமிர்ந்தாள்.

"அப்போ அவள அங்கயே வுட்டுட்டுக் கதவ சாத்தனது எழுதனவன் இல்ல. நீ."

ஆமாம் என்றேன்.

"ஏன்?"

அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. கதைக்கு நன்றாக இருக்கும் என்று செய்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஸ்கூல்ல நான் பேசன அன்னிக்கி நீ வரல," என்றேன்.

அது ஒரு குடியரசு தினம். கொடியேற்றி முடித்த பிறகு நான் மேடையில் பேச வேண்டும். எங்கள் தெருவிலிருந்து மைக் முன்னால் நின்ற முதல் பிள்ளை நான். வருகிறேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். எண்ணெய் வைத்து அழுத்திப் பின்னிய சடையோடு நின்று, கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். சாயந்திரம் சேற்றுக் காலோடு வந்து, நாத்து மீதி இருந்துச்சி, கழனிக்காரர் வுடல என்று சொன்னாள். எனக்கு ஒரு மண்ணும் கேட்க வேண்டாம் என்று நான் பேசாமல் புத்தகத்தை எடுத்தேன். அன்றைக்குத்தான் ஆறாம் புத்தகம் முடிந்தது. இரண்டும் ஒரே நாள் என்பது அதுவரை எனக்கே தெரியாது. நாற்பத்தைந்து வயதுக்காரி மூன்று கிழவிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, நீ வரல, நீ வரல என்று விசும்பிக்கொண்டிருந்தேன்.

"அதான் கேட்டமே," என்றாள் ஊர்க்காரப் பெரியம்மா.

எனக்குப் புரியவில்லை. அம்மாதான் சொன்னாள்.

"மைக்ல கேட்டுச்சிடி. கழனிக்கு நல்லாவே கேட்டுச்சி. நடுவுல நீ நின்னுட்ட. மறந்து பூட்டல்ல? நாங்க பன்னண்டு பேரும் நாத்த கைல புட்சிக்கினு அப்டியே நின்னுட்டோம். நீ திரும்ப ஆரமிச்ச அப்பாலதான் குனிஞ்சோம்."

நான் நடுவில் மறந்தது உண்மை. அது ஒருவருக்கும் தெரியாது. மூச்சு வாங்க நிறுத்தினேன் என்றுதான் டீச்சர்கூட நினைத்தார். இரண்டு வரி நானாகக் கட்டிச் சொல்லி, விட்ட இடத்தைப் பிடித்து முடித்தேன். கை தட்டினார்கள். வீட்டில்கூட நான் இதைச் சொன்னதில்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ எங்க கேட்ட? மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு புக்க தொறந்துட்ட," என்றாள் அம்மா.

ஊர்க்காரப் பெரியம்மா அடக்கி வைத்த சிரிப்பு அப்போது வெளியே வந்தது. பெருநகர் பெரியம்மா விஷயம் புரியாமலே கூடச் சிரித்தாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அம்மா சிரிக்கவில்லை. என் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, ஆமை படம் மேலே தெரிகிற மாதிரிக் கட்டிலில் வைத்தாள்.

"செரி. நீதானே சாத்தன, நீயே தொற. அவ எப்டி எறங்கினா, சொல்லு."

அவர்கள் திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சொன்னேன். முதலில் தடுமாறினேன், பிறகு வந்தது. இளவரசி ஏழாம் வாசலைத் திறந்தாள். வெளியே கழனி இருந்தது. கோட்டைக்காரி முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள். தலை நரைத்துவிட்டது என்றேன். கொஞ்சமாக நரைக்கட்டும் என்றாள் ஊர்க்காரப் பெரியம்மா. ஆமை மேல் ஏற்றி இறக்கலாம் என்று பார்த்தேன், மூன்று பேருமே ஒத்துக்கொள்ளவில்லை. அவள் யார் முதுகிலும் ஏற மாட்டாள், நடந்துதான் வருவாள் என்றார்கள். சரி, நடந்தே வரட்டும். இளவரசி பழையபடி அவளைக் கூப்பிட்டாள். அவள் நிமிர்ந்தாள். கையில் ஒரு முடி நாற்று, ஒரு பிடிக் கட்டு, இன்னும் இருந்தது.

அந்த இடத்தில் நிறுத்தினேன். எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது நாற்பது வருஷம் கழனியில் நின்றவர்கள் இவர்கள். ஒரு முடி நாற்றை மீதி வைத்துவிட்டு ஒருநாளும் கரையேறியதில்லை.

"மீதி நாத்து?" என்று பெருநகர் பெரியம்மா கேட்டாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"கெடக்கட்டும்," என்றாள் அம்மா. "அவள வரச் சொல்லு."